வேலையை விட்டுவிட்டு எழுத உட்காரலாமா?

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், 2025 மே 2

எனக்கு முப்பத்திரண்டு வயது. அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். ஐந்து வருடமாக ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், மூன்று அத்தியாயத்தைத் தாண்டவில்லை. காலையில் பஸ், பகல் முழுக்கக் கோவைகள், பின்னேரம் வீட்டுச் சாமான், இரவானால் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு வருடத்துக்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்தால்தான் நல்ல எழுத்து வரும், இல்லாவிட்டால் வாழ்க்கை எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பது என் முடிவு. நீங்கள் மூன்று நாவல் எழுதியவர். சரியா பிழையா சொல்லுங்கள்.

2025 மே 3

விட வேண்டாம் தம்பி. நான் விட்டுப் பார்த்தவன்.

நான் கணிதம் படிப்பித்தவன். வீடு கல்லடியில், பள்ளிக்கூடம் படுவான்கரையில். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே அது படுகிற பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே மண்முனையில் ஒரு பாதை ஓடியது. நடந்து போகிற பாதை இல்லை. மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆள், சைக்கிள், நெல்மூட்டை, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் ஏற்றி அடுத்த கரையில் விடுகிற தெப்பத்துக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர்.

கடப்பதற்குக் கொஞ்ச நேரம்தான். காத்திருப்புத்தான் நீளம். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, இருபது நிமிடம், அரை மணி, சில நாள் ஒரு மணிக்கும் மேல். கரையில் ஒரு தேத்தண்ணிக் கடை, அதன் முன்னால் உட்கார ஒரு வாங்கு. முதல் நாவல் முழுக்க அந்த வாங்கில் எழுதியது. ஒன்பது வருடம் எடுத்தது.

போர்க்காலம். இந்தக் கரையில் ஒரு சோதனை, அந்தக் கரையில் வேறொரு சோதனை. கையெழுத்தில் எது இருந்தாலும் கேள்வி வரும். அதனால் கதையைக் கணிதக் கொப்பியில் எழுதினேன். பக்கத்தின் மேலே நான்கு வரி இருபடிச் சமன்பாடு, கீழே கதை, மறுபடி இரண்டு வரி காரணிப்படுத்தல், மறுபடி கதை. புரட்டுகிறவர் கண்ணுக்கு முதலில் கணக்குத்தான் படும். வாத்தியார் என்று விட்டுவிடுவார்கள். இன்றைக்கும் அந்தக் கொப்பிகளை எடுத்தால் கதாநாயகியின் கல்யாணத்துக்கு மேலே ஒரு வர்க்கமூலம் நிற்கிறது.

2013 இல் மண்முனையில் பாலம் வந்தது. காத்திருப்பு போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம், இனி நிறைய எழுதலாம் என்று சந்தோஷப்பட்டேன். எழுத்து நின்றுவிட்டது. வேலைதான் காரணம் என்று முடிவு கட்டி, 2015 இல் ஐம்பத்துமூன்றாவது வயதில் ஓய்வு எடுத்தேன். மேல் அறையில் மேசை, யன்னல், சாத்திய கதவு. விடிய ஆறு மணியிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு வரை, இரண்டு வருடம். அறுநூறு பக்கத்துக்கு மேல் எழுதினேன். ஒரு பக்கத்தைக்கூட வைத்திருக்கவில்லை.

ஏன் என்று பிறகு வாசித்துப் பார்த்தபோது விளங்கியது. அந்த அறுநூறு பக்கத்திலும் என் ஆட்கள் யன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சந்தைக்குப் போகவில்லை. யாருக்கும் கடன் இல்லை. யாரும் யாரையும் காக்க வைக்கவில்லை. பாதைக்கரை வாங்கில் இருந்தபோது என் பக்கத்தில் எந்த நேரமும் ஒரு ஆள் இருந்தார். நெல் விலையைப் பற்றித் திட்டிக்கொண்டோ, மகளின் சம்பந்தம் பேசப் போகிற வழியில் வேட்டியைத் தட்டிக்கொண்டோ. அவர்களைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லமாட்டேன். அவர்கள் பக்கத்தில் இருந்ததால் என் கதை ஆட்கள் கதிரையை விட்டு எழும்பினார்கள்.

2025 மே 4

ஒரு திருத்தம். 2013 மார்ச்சில் திறந்தது கல்லடிப் புதுப் பாலம். மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில். இரண்டும் ஒரே காலத்தில் எழும்பியதால் தலைக்குள் ஒட்டிப்போய்விட்டது. சுட்டிக்காட்டிய கொக்கட்டிச்சோலை வாசகருக்கு நன்றி.

கல்லடிப் பழைய இரும்புப் பாலம், 1924 இல் திறந்தது, இன்னும் நிற்கிறது. பின்னேரம் அதில் நடந்து பாருங்கள். மூளை இளகும்.

2025 மே 7

தம்பி திரும்பக் கேட்கிறார்: "அப்படியென்றால் வேலையில் இருந்துகொண்டு அனுபவம் தேட வேண்டுமா? நான் அலுவலகத்தையும் வீட்டையும் தவிர ஒன்றையும் காணாதவன்."

தேடத்தான் வேண்டும். ஆனால் கொப்பியோடு தேடக் கூடாது. என் கதையைச் சொல்கிறேன்.

1998 இல் நான் படிப்பித்த ஊரில் வடமோடி என்கிற பாணியில் ஒரு கூத்துப் பழகத் தொடங்கினார்கள். என் நாவலில் ஒரு கூத்துக்காரர் வருகிறார், அவருக்காகக் குறிப்பு எடுக்கலாம் என்று வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கேயே தங்கினேன். கூத்தாடுகிற இடமான களரியின் ஓரத்தில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவேன். மூன்றாம் கிழமை, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தினார்.

"வாத்தியார், என்ன எழுதுறீங்க?"

"நீங்க ஆடுறத எழுதுறன்."

"எழுதினா காலுக்கு எப்படித் தெரியும்?"

மறுகா அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை போனபோது, ராசாவின் வரவை அறிவிக்கிற கட்டியகாரனின் சட்டம் என் பெயருக்கு வந்திருந்தது. சட்டம் என்றால் அந்தப் பாத்திரத்தின் பாட்டும் வசனமும் எழுதிய தாள். மறுக்க வாய் வரவில்லை.

முப்பத்தாறு வயதில் தாளக்கட்டுக்கு அடி வைக்கப் பழகினேன். முதல் மாதம் குதிக்கால் வெடித்தது. மண் தரையில் வெறுங்காலோடு பழகிய அடி, சதங்கை கட்டியதும் பிந்திப் போகும். கால் கனக்கும். அந்தக் கனத்தை ஒரு கூட்டாளியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் அடி சரியாக விழும். அரங்கேற்ற இரவு விடியப்புறம் மூன்று மணி இருக்கும். களரியைச் சுற்றிப் பாயில் பிள்ளைகள் நித்திரை. ராசாவின் வரவுக்கு மத்தளம் மாறியதும் ஒரு தாய் தன் மகனை உலுப்பி எழுப்பினாள். அவன் கண்ணைத் திறந்து, முடியைப் பார்த்து, வாயைத் திறந்தபடி மறுபடி தூங்கிப்போனான். நான் கட்டியம் சொல்லி ஓரமாக நின்ற இடத்திலிருந்து இதைப் பார்த்தேன். குறிப்பு எடுக்கிற ஆளாக இருந்திருந்தால் அந்த நேரம் ராசாவைத்தான் பார்த்திருப்பேன்.

நாவலில் அந்தக் கூத்துக்காரருக்குப் பதினேழு பக்கம் இருந்தது. கலையைப் பற்றி நிறைய நினைப்பார். அரங்கேற்றம் முடிந்து வந்து பதினைந்து பக்கத்தைக் கிழித்தேன். மிச்ச இரண்டு பக்கத்திலும் அவர் குதிக்காலைப் பற்றி மட்டும் நினைக்கிறார்.

அதனால் தம்பி, அலுவலகம் முடிந்தால் எங்கேயாவது போய் இறங்குங்கள். கூத்து, வயல், வலை, கோயில் வேலை, எதுவானாலும் சரி. பார்க்கிற ஆளாகப் போகாமல் செய்கிற ஆளாகப் போங்கள். முழுதாக வாழ்ந்தால் எழுத்து தானாக வரும்.

2025 மே 8

நேற்று விட்டுப்போனது. கூத்துக்குப் படிகள் உண்டு: சட்டம் கொடுத்தல், பழகுதல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். அரங்கேறிய பிறகு வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். என் வரைவுகளுக்கும் இதே பெயர்தான் வைத்திருக்கிறேன். கிழமைக் கூத்து என்றால் எழுதியவரை கிழமைக்கு ஒரு தடவை சத்தமாக வாசிப்பது. அடுக்குப் பார்த்தல் என்றால் முழு நாவலையும் இரண்டு மூன்று இரவுக்குள் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது. அவர் எந்தப் பக்கத்தில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறாரோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி விழுந்த பக்கங்கள் அனேகமாக எல்லாம் வெட்டுப்படும்.

2025 மே 13

நேற்று வெசாக் போயா, முழுநிலா. இரவு ஒரு மணிக்குக் கூட்டாளி ஒருவரின் தோணியில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே போனோம். காற்று இல்லை. துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியில் காதை வைத்துக்கொண்டு இருந்தோம்.

வாவித் தண்ணீருக்குள்ளிருந்து இரவில் எழுகிற ஓசையைப் பாடும் மீன் என்பார்கள், அதைப் பற்றி எங்கள் ஊரில் பிறந்த எல்லோரும் பேசுவோம். மட்டக்களப்பின் அடையாளமே அதுதான். ஆனால் காதால் கேட்டவர் எத்தனை பேர்? நான் வாவிக்கரையில் பிறந்தவன், முதல் தடவை கேட்கும்போது எனக்கு முப்பத்தொரு வயது. 1848 இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி ஒரே இரவில் கேட்டு எழுதிவைத்துவிட்டார்: கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் எழுகிற மெல்லிய ஓசை போல, ஒன்றல்ல, பல ஓசைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. நேற்று அதை மனதில் வைத்துக் கேட்டேன். அச்சொட்டாக அதுதான். அந்தக் காலத்து மீனவர்கள் இதை மீன் என்று சொல்லவில்லை. ஊரி கத்துகிறது என்றார்கள். ஊரி என்றால் சிப்பி, சங்கு வகை. எது பாடுகிறது என்பது இன்றும் பேச்சாகத்தான் இருக்கிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், மே 7 இல் நான் பெரிதாகச் சொன்ன "அனுபவம்" என்ற சொல் நேற்று இரவு தோணிக்குள் சின்னதாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் பாலத்தால் போய் வந்த எனக்கு இல்லாத ஒன்று, ஒரு இரவு காதைக் கொடுத்த ஆளுக்குக் கிடைத்தது. இன்னும் யோசிக்க வேண்டும்.

2025 மே 20

காரைதீவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"முழுதாக வாழுங்கள் என்று சொல்வது லேசு. நான் விடிய நாலு மணிக்கு எழும்பி நாலு பேருக்குச் சமைத்து, பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்து, வந்து பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்கி, மாமிக்கு மருந்து கொடுத்து முடிய இரவு பத்து மணி. நான் போய்க் களரியில் இறங்கவா? விடிய விடிய வெளியே நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குப் பாதைக்கரை. எனக்கு இடியப்பம் அவிகிற நேரம். ஒரு அவியலுக்குள் நாலு வரி எழுதலாம். நான் வாழவில்லை என்கிறீர்களா?"

நாலு தடவை வாசித்தேன். தங்கச்சி சொல்வது சரி, நான் சொன்னது பிழை. "எங்கேயாவது போய் இறங்குங்கள்" என்ற வரியை அழிக்கலாமா என்று நினைத்தேன். அழிக்கவில்லை, எங்கே பிழைத்தேன் என்று தெரியட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தங்கச்சியின் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க கூத்துப் பழகின அந்த அஞ்சு மாசமும் வெள்ளிக்கிழமை ராவில நான் என்ன செஞ்சன் எண்டு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு ஆறு வயது, மற்றதற்கு இரண்டு. 1998. வீதியில் இரவில் வாகனம் நின்றால் யாருக்கும் நெஞ்சு நிற்கிற காலம்.

"வாகனம் வேலிக்கு வெளியில வந்தா விளக்கத் தணிப்பன். தூரத்தில வரக்குள்ளேயே சத்தத்த வெச்சு எந்த வாகனம் எண்டு சொல்லப் பழகிட்டன். நிக்கப் போற வாகனத்திட சத்தம் வேற, போயிடுற வாகனத்திட சத்தம் வேற."

இருபத்தேழு வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. படுவான்கரையில் கட்டியகாரனுக்கு அடி பழகிக்கொண்டிருந்த அதே இரவுகளில், என் வீட்டு இருட்டில் ஒருவர் ஒரு காதை வளர்த்திருக்கிறார். மூன்று நாவலிலும் அது இல்லை. கூத்தாடியது வீண் என்று சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளை முடியைப் பார்த்துத் தூங்கியது எனக்கு இன்னும் வேண்டும். ஆனால் முழுதாக வாழ்வது என்றால் வெளியே போவது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது பிழை. என் பக்கத்தில் படுத்திருந்தவரை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

2025 மே 21

தங்கச்சி நாலு வரி அனுப்பியிருக்கிறார். இடியப்பத் தட்டைத் தூக்கும்போது ஆவியில் கண்ணாடி மங்கிவிடுகிறதாம். துடைத்தால் நேரம் போய்விடும் என்று மங்கிய கண்ணாடியோடேயே எழுதுகிறாராம். தங்கச்சி, இதற்கு மேலே ஒரு வரியும் சேர்க்க வேண்டாம். இங்கிருந்தே தொடங்குங்கள்.

2025 ஜூன் 11

பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ் நூல் எழுதிய துறவி விபுலானந்த அடிகளை ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். "எல்லாவற்றையும் துறந்ததால்தானே அவரால் யாழ் நூல் எழுத முடிந்தது? துறவு இல்லாமல் பெரிய வேலை இல்லை" என்கிறார்.

ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் பேசினேன், 2015 இல் ஓய்வுக் கடிதம் எழுதும்போது அடிகளைத்தான் நினைத்துக்கொண்டேன். பிறகு அவருடைய ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1892 இல் காரைதீவில் பிறப்பு. விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். 1924 இல் துறவு. 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பிறகு இமயமலையில் மாயாவதியில் ஒரு ஆங்கில இதழுக்கு ஆசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழ் நூலுக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லும் பதினான்கு ஆண்டும் இந்த வேலைகளுக்கு உள்ளேதான் ஓடியிருக்கிறது. அவர் துறந்தது சொத்தையும் குடும்பத்தையும். வேலையைத் துறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்த்தார், பரீட்சைத் தாள் திருத்தினார், ரயிலில் போனார்.

கணித வாத்தியாராக இன்னொன்று சொல்ல வேண்டும். பழைய யாழின் சுரங்களை அவர் எண்ணால் கணக்கிட்டுக் கண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பின்னமும் விகிதமும் அந்த நூலுக்குள் இசையாகிறது. வகுப்பறையை விட்டு ஓடியிருந்தால் அந்தக் கை அவருக்கு எங்கிருந்து வரும்?

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. ஜூலை 19 இல் அடிகள் இறந்தார். ஆறு கிழமை. இந்த இரண்டு திகதியையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்கு எப்போதும் பேனை கொஞ்சம் நிற்கும்.

2025 ஜூன் 29

"கையால் எழுதுகிறீர்களா, கணினியிலா? பிரதி எடுத்து வைக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். கையால். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் பிடித்து மகனுக்கு அனுப்புகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். முதல் நாளே புளியந்தீவில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்ததால் நாங்கள் நாலு பேரும் மிஞ்சினோம். கல்லடி வீட்டில் சுவர் இரண்டு மிஞ்சியது. அலுமாரியின் கீழ்த் தட்டில் இரண்டாவது நாவலின் பாதி இருந்தது, ஏழு கொப்பி. அலுமாரியே இல்லை.

நாவலுக்காக அழ அப்போது நேரமும் இல்லை, வெட்கமும் கூட. பள்ளிக்கூடங்கள் எல்லாம் முகாம். எழுதத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்றார்கள், போனேன். இழந்ததை எழுதிக்கொடுக்கிற படிவம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது குடும்பம். மூன்று மாதம் அதுதான் என் எழுத்து.

ஒரு நாள் ஒரு வயோதிபர் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். தோணிக்காரர்.

"எழுது மனே. தோணி ஒண்டு. துடுப்பு ரெண்டு. வீச்சு வலை ஒண்டு. அத்தாங்கு ரெண்டு."

எழுதினேன்.

"வலைக்குக் கண்ணப் போட்டியா?"

படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்றேன். பொருள், எண்ணிக்கை, பெறுமதி, மூன்று நிரல்தான்.

"ஒண்டர விரல் கண். கண்ணச் சொல்லாம வலை எண்டு மட்டும் எழுதினா, அது ஆர்ர வலை?"

ஓரத்தில் சின்னதாக எழுதினேன்: ஒன்றரை விரல் கண். அவர் குனிந்து பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர். எழுத்தின் மேல் விரலை வைத்து, "இதுவா கண்?" என்று கேட்டார். ஓம் என்றேன். விரலை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவருடைய மகளின் பெயரை அதற்கு அடுத்த படிவத்தில் எழுதினோம்.

தொலைந்த ஏழு கொப்பியை ஞாபகத்திலிருந்து எழுத பிறகு இரண்டு தடவை முயன்றேன். வரவில்லை. ஞாபகம் வராததால் இல்லை, வந்தது. வந்ததில் கண் இல்லை. வலை என்று மட்டும் எழுதியிருந்தேன், ஆர்ர வலை என்று எனக்கே தெரியவில்லை. 2005 இல் புதுக் கொப்பி வாங்கி, பழையதை விட்டுவிட்டு, மறுபடி பாதைக்கரை வாங்கில் தொடங்கினேன்.

நான் மே 3 இல் சொன்னதை இதோடு சேர்த்து வாசியுங்கள். எனக்கு எழுத்தைப் பழக்கிய இடங்களில் பெரியது அந்த முகாம் மேசை. அங்கே நான் அனுபவம் தேடிப் போகவில்லை. நாவலாசிரியராகவும் போகவில்லை. அந்த மனிதரின் பேச்சை இருபது வருடம் எங்கேயும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், அவர் காலமாகிவிட்டார், பெயரும் ஊரும் சொல்லமாட்டேன்.

2025 ஜூலை 25

நேற்று மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா. சனத்துக்குள் மூன்று பேர் பிடித்துக் கேட்டார்கள், இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று. கச்சான் காற்றில் புழுதி வாயெல்லாம், சிரித்துவிட்டு வந்தேன். இங்கே பதில் சொல்கிறேன்.

சூடு மிதிக்கிற, அதாவது கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கிற காலத்தில், களவெட்டி என்கிற அந்தக் களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள். பொலி என்பார்கள். மற்றப் பொருட்களுக்கும் அங்கே வேறு பெயர்கள் இருந்தன. வாய்க்கு வந்ததைப் பேசினால் பொலிவு போய்விடும் என்று மூத்தப்பா என்னை அதட்டியிருக்கிறார். இப்போது வெட்டுமெசின் வயலுக்குள்ளேயே மூட்டையைக் கட்டித் தந்துவிடுகிறது, அந்தச் சொற்களுக்கு வேலை இல்லை. நான் மட்டும் அந்தப் பழக்கத்தை வைத்திருக்கிறேன். முடியாத நாவலைப் பேசினால் அதன் சூடு வாயால் போய்விடும், கைக்கு வராது.

அப்புறம், சாத்திய அறையின் மேல் நான் பழி போட்டது முழுக்க நியாயமில்லை. மூன்றாவது நாவலை முடித்தது அதே அறையில், அதே மேசையில். 2017 இல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கணக்குக் கேட்டு வரத் தொடங்கினார்கள், இரண்டு பேர் பதினொரு பேர் ஆனார்கள். கதவைச் சாத்த முடியவில்லை. ஒருவன் கணக்கைச் செய்து முடிக்கும்வரை நான் இரண்டு வரி எழுதுவேன். அவன் பிழைவிட்டால் இன்னும் இரண்டு வரி. அதனால் தம்பி, அறை வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுக்காதீர்கள். சிலருக்குச் சாத்திய அறைதான் சரிவரும், அப்படி எழுதுகிற ஆட்களை எனக்குத் தெரியும். என் கை அப்படியில்லை.

2025 ஆகஸ்ட் 10

அக்கரைப்பற்றுத் தம்பியிடமிருந்து கடிதம். வேலையை விடவில்லை. பின்னேரம் நாலே காலுக்கு வேலை முடிந்தால் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் இருந்து எழுதுகிறாராம். நாலாவது அத்தியாயம் முடிந்துவிட்டது. அதைவிட ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். ஐந்து வருடமாகத் தன் மேசையால் போன கோவைகளில், காணிக்காகச் சனம் கையால் எழுதிய மனுக்கள் இருக்கின்றன, அவற்றை இத்தனை காலம் இலக்கத்துக்காக மட்டும் பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளினேன், இப்போது வாசிக்கிறேன் என்கிறார். ஒரு மனுவில் ஒரு தாய், தன் காணியின் எல்லையைச் சொல்லும்போது வடக்கே வாய்க்கால், கிழக்கே வீதி, தெற்கே "என் மகன் வைத்த மாமரம்" என்று எழுதியிருக்கிறாவாம்.

வாசியுங்கள் தம்பி. மனு எழுதியவர்களின் வேலையை நேரத்துக்குச் செய்தும் கொடுங்கள், அதுதான் முதல். பெயர், ஊர், காணி இலக்கம் ஒன்றும் கதைக்குள் வரக் கூடாது. அந்த மாமரத்தை அப்படியே தூக்கி வைக்கவும் வேண்டாம், அது அந்தத் தாயின் மரம். உங்கள் கதையில் உள்ளவர்கள் எல்லையை எதை வைத்துச் சொல்வார்கள் என்று பாருங்கள்.

அடுத்த வருடம் எப்படியும் வேலையை விடுவேன் என்றும் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை நான் பிழை என்று சொல்லவில்லை. அவருடைய கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, அவருக்கே இப்போதுதான் தெரியத் தொடங்குகிறது. நாலாவது அத்தியாயத்தை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மனைவி அந்த வெள்ளிக்கிழமை இரவுகளைப் பற்றி இன்னும் சொல்கிறார், ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது. நான் துடைத்து அடுக்குவேன், எழுதமாட்டேன். நேற்று ட்ரக்டருக்கும் லொறிக்கும் வித்தியாசம் சொன்னார். ட்ரக்டர் நின்றால் நின்றதுதானாம். லொறி நின்ற பிறகும் ஒரு தடவை மூச்சு விடுமாம், அந்த மூச்சுக் கேட்கும்வரை பிள்ளைகளின் வாயில் கையை வைத்துக்கொண்டு இருப்பாராம்.